பாலின் ரூபாயும் தக்காளியின் ரூபாயும்

சிறு உழவர் வாழ்வு உயர மாணவர் தலைமை செய்யத்தக்கது யாது? – ஒரு பாடம்

முலுண்டில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாள்தோறும் வாங்கும் பொருள்கள் இரண்டு. ஒன்று காலைக் காப்பிக்கு வேண்டிய பால். மற்றொன்று ரசத்துக்கும் சாம்பாருக்கும் வேண்டிய தக்காளி. இரண்டும் பெரும்பாலும் சிறு உழவர் வீடுகளிலிருந்தே புறப்படுகின்றன. இரண்டும் விரைவில் கெடும் இயல்புடையவை. இரண்டும் நெடுந்தொலைவு கடந்தே மும்பையை அடைகின்றன. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், நாம் கொடுக்கும் பணத்தில் உழவர் கைக்குச் சென்று சேரும் பங்கைப் பார்த்தால் இவ்விரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்படுகிறது.

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகள் இவ்வேறுபாட்டை எண்களில் தருகின்றன. நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் உழவர் பெறுவது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. பாலிலோ உழவர் பங்கு சுமார் 70 காசு. இவை அனைத்தும் இலாபமல்ல என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தீவனம், விதை, உரம், கூலி ஆகிய செலவுகள் யாவும் இப்பங்கிலிருந்தே போக வேண்டும். ஆயினும் ஒரு ரூபாயில் எழுபது காசு பெறுபவருக்கும் முப்பத்து மூன்று காசு பெறுபவருக்கும் உள்ள நிலை வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

இவ்வேறுபாடு தோன்றியது எவ்வாறு? தக்காளியின் ரூபாயையும் பாலின் ரூபாய்க்கு அருகில் கொண்டுவர இயலுமா? அம்முயற்சியில் கல்லூரி மாணவர்க்கு உரிய இடம் யாது? இம்மூன்று வினாக்களே இப்பாடத்தின் பொருள். நம் வாடிக்கையாளர் குடும்பங்களில் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். அவர்களுள் சிலர் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்து சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். சிலர் அக்குழுக்களுக்குத் தலைமையும் ஏற்கின்றனர். அவர்களும் அவர்தம் பெற்றோரும் ஒருங்கே படிக்கத் தக்கதாக இதனை எழுதுகிறோம்.

சிறு உழவர் என்பவர் யார்?

இரண்டு எக்டேருக்குக் குறைந்த, அதாவது சுமார் ஐந்து ஏக்கருக்குக் குறைந்த நிலத்தில் பயிரிடுவோரைக் குறு, சிறு உழவர் என்று அரசு கணக்கிடுகிறது. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நில உடைமைகளுள் 86 விழுக்காடு இவ்வகையைச் சேர்ந்தவை. ஆயினும் பயிரிடப்படும் நிலப்பரப்பில் இவர்கள் வசம் இருப்பது 47 விழுக்காடே. ஒரு நில உடைமையின் சராசரி அளவு 1.08 எக்டேர்.

இவர்கள் உழைப்பில் குறைந்தவரல்லர். பயிர்த்தொழில் அறிவிலும் குறைந்தவரல்லர். இவர்கள் இடர்ப்படுவது சந்தையில் தனியே நிற்கும்போதுதான். இருபது கூடைத் தக்காளியுடன் மண்டிக்குச் செல்பவர், கேட்ட விலை கிடைக்காவிடில் சரக்கைத் திருப்பிக் கொண்டுபோக இயலாது. வண்டிக் கூலியே அவரை விழுங்கிவிடும். எடையில் ஐயம் எழுந்தாலும் அவரிடம் வேறு தராசு இல்லை. வங்கியில் கடன் கேட்கச் சென்றால், சென்ற ஆண்டு எவ்வளவு விளைந்தது, எவ்வளவுக்கு விற்றது என்று காட்டும் ஏடு அவரிடம் இருப்பது அரிது. அளவை, கணக்கு, கூட்டுப் பேரம் ஆகிய மூன்றும் இல்லாமையே அவர்தம் குறை. பாலின் வரலாறு இம்மூன்றும் வந்து சேர்ந்த வரலாறாகும்.

ஆனந்தில் நடந்தது

குஜராத்தின் கேடா மாவட்டத்து உழவர்கள் எருமை வளர்த்துப் பால் விற்று வந்தனர். 1945ஆம் ஆண்டு பம்பாய் அரசு, நகர மக்களுக்குப் பால் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. ஆனந்திலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பாய்க்குப் பாலை அனுப்பும் உரிமை போல்சன் என்னும் தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. நகரில் பாலுக்கு நல்ல விலை இருந்தது. ஆனால் உழவரிடமிருந்து பாலை வாங்கி அளித்த ஒப்பந்தக்காரர்கள் தாம் விரும்பிய விலையையே கொடுத்தனர். பால் சில மணி நேரத்தில் புளித்துவிடும் என்பதை அறிந்தவரிடம் உழவர் பேரம் பேசுவது எங்ஙனம்?

உழவர்கள் சர்தார் வல்லபபாய் படேலிடம் முறையிட்டனர். கூட்டுறவுச் சங்கம் அமைத்து நீங்களே பாலைப் பதப்படுத்தி விற்க வேண்டும் என்பது அவர் அளித்த அறிவுரை. அவர் மொரார்ஜி தேசாயை அனுப்பிவைக்க, 1946ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் சமர்க்கா என்னும் ஊரில் உழவர் கூட்டம் நடைபெற்றது. பம்பாய் அரசு கூட்டுறவுச் சங்கத்திடமே பாலை வாங்க வேண்டும், அன்றேல் பால் கொடுப்பதில்லை என்று அங்கே முடிவு செய்தனர். பதினைந்து நாட்கள் கேடா உழவர்கள் வணிகருக்குப் பால் கொடுக்கவில்லை. பம்பாய்க்குச் செல்லும் பால் நின்றுபோயிற்று. முடிவில் அரசு இணங்கியது. 1946ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் கேடா மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியம் பதிவு பெற்றது. பிற்காலத்தில் அமுல் என்று நாடறிந்த நிறுவனம் இதுவே.

இவ்வொன்றியத்தை வழிநடத்தியவர் திரிபுவன்தாஸ் படேல். ஆனந்தில் 1903ஆம் ஆண்டு பிறந்த இவர், காந்தியடிகள் நிறுவிய குஜராத் வித்யாபீடத்தில் பயின்றவர். அரசுக் கல்லூரிகளைத் துறந்து வெளியேறிய மாணவர்களுக்காக 1920இல் தொடங்கப்பட்ட கல்வி நிலையம் அது. அங்கே பயின்ற இளைஞர் பலரைப் போன்று இவரும் நாட்டு விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். விடுதலை உணர்வோடு கல்லூரியை விட்டு வந்த மாணவர், மேடையில் பேசுவதோடு நில்லாமல் ஊர் ஊராக நடந்து சங்கங்கள் அமைத்தார் என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி.

1949ஆம் ஆண்டு மே மாதம் மற்றொரு இளைஞர் ஆனந்துக்கு வந்து சேர்ந்தார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் பயின்று, அரசின் உதவித்தொகையில் அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய வர்கீஸ் குரியன் அவர். உதவித்தொகைக்கு ஈடாக அரசுப் பணி செய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தின்பேரில்தான் அவ்வூருக்கு வந்தார், விருப்பத்தோடு வந்தவரல்லர். பணியை விட்டுப் புறப்படவிருந்த நேரத்தில், சங்கத்தின் எந்திரங்களைச் சீர்செய்து தரும்வரை இருக்குமாறு திரிபுவன்தாஸ் கேட்டுக்கொண்டார். குரியன் வாழ்நாள் முழுவதும் ஆனந்திலேயே தங்கிவிட்டார். ஊராரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தவர் ஒருவர். தொழில்நுட்பம் கற்றிருந்தவர் மற்றவர். இவ்விருவகை ஆற்றலும் இணைந்ததாலேயே ஆனந்த் நிலைபெற்றது.

அம்முறை எளியது. ஊர்தோறும் ஒரு சங்கம். உறுப்பினர் காலையும் மாலையும் பாலைக் கொண்டுவந்து ஊற்றுவர். அவர் கண்ணெதிரே பால் அளக்கப்படும். கொழுப்புச் சத்து சோதிக்கப்படும். அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப விலை கணக்கிடப்பட்டு ஏட்டில் பதியப்படும். ஓர் எருமை உடையவருக்கும் பத்து எருமை உடையவருக்கும் சங்கத்தில் ஒரே வாக்கு. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து மாவட்ட ஒன்றியம். ஒன்றியங்கள் சேர்ந்து மாநில இணையம். 1948இல் இரண்டே ஊர்ச் சங்கங்கள், நாளொன்றுக்குச் சுமார் 250 லிட்டர் பால் என்ற அளவில் பம்பாய்க்குப் பால் அனுப்பத் தொடங்கிய அமைப்பு இது.

திரிபுவன்தாஸ் 1970களில் தலைமைப் பொறுப்பினின்றும் தாமாக விலகியபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு ரூபாய் வீதம் திரட்டி அவருக்குப் பணமுடிப்பு அளித்தனர். அப்பணத்தை அவர் ஊர்ப்புற மக்களின் நலவாழ்வுக்காக அறக்கட்டளை ஒன்று நிறுவப் பயன்படுத்தினார். அவர் விலகிய பின்னும் பால் ஊற்றுவது தொடர்ந்து நடைபெற்றது என்பதை இங்கே சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

ஜோப்ரா ஊரின் மாணவர்கள்

ஆனந்தின் கதையில் மாணவப் பருவம் முடிந்தபின் பணி தொடங்கிற்று. மாணவராக இருக்கும்போதே இத்தகைய பணி செய்ய இயலுமா? இதற்கு விடை காண வங்கதேசத்துச் சிட்டகாங் பல்கலைக்கழகத்தின் அருகிலுள்ள ஜோப்ரா என்னும் ஊரை நாம் பார்க்கலாம்.

1974ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின், அப்பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த முகம்மது யூனுஸ், தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அவ்வூருக்குச் செல்லலானார். அங்கே ஆழ்துளைக் கிணறு ஒன்று இருந்தும் வறண்ட பருவத்தில் பயிர் செய்யாமல் நிலம் கிடந்தது. நீர் இறைக்கும் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்ற பூசலே காரணம். நிலமுடையார் நிலத்தைத் தர, குத்தகை உழவர் உழைப்பைத் தர, விதை, உரம், எரிபொருள் ஆகியவற்றைப் பேராசிரியர் தர, விளைச்சலை மூவரும் சமமாகப் பகிர்வது என ஏற்பாடு செய்யப்பட்டது. மாணவர்களும் சேற்றில் இறங்கி, கயிறு கட்டி, வரிசையாக நாற்று நட்டனர். விளைச்சல் நன்றாக இருந்தது. பேராசிரியர் தமக்குரிய பங்கை முழுமையாகப் பெறவில்லை. சிறிது நட்டமே கண்டார். ஆயினும் தரிசாகக் கிடந்த நிலம் விளைநிலமாயிற்று.

அறுவடைக் களத்தில் மற்றொன்று புலப்பட்டது. விளைச்சல் பெருகியும், கதிரடித்துத் தூற்றிய நிலமற்ற பெண்களுக்குக் கிடைத்தது மிகச் சிறிய கூலியே. அவ்வூரில் கடனுக்காகத் தரகரிடம் கட்டுண்டு கிடப்போர் யாவர், எவ்வளவு தொகைக்கு என்று பட்டியல் எடுத்து வருமாறு பேராசிரியர் மாணவி ஒருவரைப் பணித்தார். அவர் வீடு வீடாகச் சென்று எழுதி வந்த பட்டியலில் இருந்தோர் 42 பேர். அவர்கள் அனைவருக்கும் சேர்த்து வேண்டியிருந்த தொகை 856 டாக்கா. அன்றைய மதிப்பில் 27 அமெரிக்க டாலருக்கும் குறைவு. அவர்களுள் பலர் மூங்கில் முதலிய கைத்தொழில் செய்தவர்கள். நாற்பத்திரண்டு குடும்பங்களை இவ்வளவு சிறிய தொகை கட்டிப்போட்டிருந்தது என்பதை அப்பட்டியல் எடுக்கப்படும்வரை ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

1976இல் அப்பட்டியலோடு தொடங்கிய முயற்சி 1983இல் கிராமீன் வங்கி என்ற முறையான வங்கியாயிற்று. தொடக்க நாட்களிலேயே அப்பணியில் இறங்கிய மாணவர்களுள் நூர்ஜஹான் பேகம், தீபால் சந்திர பருவா ஆகியோர் பின்னாளில் அந்நிறுவனத்தின் உயர் பொறுப்புகளை வகித்தனர். பட்டியல் எடுக்கும்போது மாணவர்கள் அவ்வூருக்குப் பணத்தைக் கொண்டு செல்லவில்லை. அவர்கள் கொண்டு சென்றவை ஒரு தாளும் எழுதுகோலும், வீடு வீடாக ஏறி இறங்கும் பொறுமையுமே.

முலுண்டுக்கு அண்மையில்

இத்தகைய பணி நமக்கு அண்மையிலும் நடந்து வருகிறது. முலுண்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பவாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில், ஊரகப் பகுதிகளுக்கான மாற்றுத் தொழில்நுட்ப மையம் ஒன்று 1985 முதல் இயங்கி வருகிறது. 2007 முதல் அங்கே தொழில்நுட்பமும் வளர்ச்சியும் என்னும் பொருளில் முதுநிலைப் படிப்பு நடைபெறுகிறது. அதில் சேரும் மாணவர்கள் வகுப்பறையோடு நில்லாமல் சிற்றூர்களில் தங்கிக் கள ஆய்வு செய்ய வேண்டும்.

இம்மையத்தின் பணிகளுள் ஒன்று ஊரின் நீர்க் கணக்கு. ஓர் ஊரில் பெய்த மழையில் எவ்வளவு ஓடிப்போயிற்று, எவ்வளவு மண்ணில் தங்கிற்று, எவ்வளவு நிலத்தடியில் இறங்கிற்று, பயிர்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று வரவு செலவாகக் கணக்கிடும் முறை அது. உலக வங்கியின் உதவியோடு மகாராட்டிர அரசு 2018 முதல் மராத்வாடா, விதர்ப்பாப் பகுதிகளில் நடத்திய தட்பவெப்ப மாற்றத்தைத் தாங்கும் வேளாண்மைத் திட்டத்துக்கு இக்கணக்கு முறையை வகுத்துத் தந்தது இக்கழகமே.

இதன் பயனை எளிதில் உணரலாம். மழைக்காலம் முடிந்ததும் உழவர் கையிலுள்ள சேமிப்பை விதையிலும் உரத்திலும் போட்டு இரண்டாம் பயிர் செய்கிறார். கிணற்று நீர் தை மாதத்தில் வற்றிவிட்டால் பயிரும் போயிற்று, முதலும் போயிற்று. நீர் இவ்வளவே உண்டு என்பதை விதைக்கும் முன்னரே அறிந்தவர், கோதுமையை விடுத்துக் குறைந்த நீரில் விளையும் கடலையைத் தேர்வார். வங்கிக் கணக்கில் இருப்பைப் பார்த்துவிட்டுக் காசோலை எழுதுவதை ஒத்தது இது.

தக்காளிக்கு இனி வருவோம். நாசிக் நெடுஞ்சாலை வழியே வரும் சரக்கு வண்டிகள் தாணேயைக் கடந்து பெருநகர எல்லைக்குள் நுழையும் வாயில் முலுண்டே. நாசிக் மாவட்டத்து மொகாடியில் சகியாத்ரி ஃபார்ம்ஸ் என்னும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இயங்குகிறது. ராகுரி வேளாண் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றுப் பயிர்த்தொழிலுக்கே திரும்பிய விலாஸ் சிந்தே என்பவர், திராட்சை பயிரிடும் உழவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஏற்றுமதியில் இறங்கியதிலிருந்து வளர்ந்தது இது. இன்று ஆயிரக்கணக்கான உழவர்கள் இதனோடு இணைந்துள்ளனர். திராட்சையோடு தக்காளியையும் பெருமளவில் வாங்கிப் பதப்படுத்துகிறது. விலை சரியும் நாளில் தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதற்கு மாற்று, அதனைக் கூழாக்கும் எந்திரம் உழவர் உடைமையாக இருப்பதே. பாலைப் பொடியாக்கும் எந்திரம் ஆனந்துக்குச் செய்ததை இது தக்காளிக்குச் செய்கிறது.

ஒரு கணக்கு

கூட்டாக விற்பதன் பயனை எண்களால் காண்போம். கீழ்வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் எடுத்துக்கொண்டவை.

உழவர் ஒருவர் 400 கிலோ தக்காளியைச் சந்தைக்குக் கொண்டு செல்கிறார். விலை கிலோ 12 ரூபாய். வரவு 4,800 ரூபாய். அவர் தனியே அமர்த்திய சிறு வண்டிக்கு வாடகை 2,400 ரூபாய். சுமைகூலி, எடைகூலி 300 ரூபாய். மிச்சம் 2,100 ரூபாய். கிலோவுக்கு 5 ரூபாய் 25 காசு. அவருக்குப் பயிர்ச் செலவு கிலோவுக்கு 6 ரூபாய் ஆகியிருந்தால், 300 ரூபாய் நட்டத்தோடு அவர் வீடு திரும்புகிறார்.

அதே நாளில் பத்து உழவர் சேர்ந்து 4,000 கிலோவை ஒரே சரக்குந்தில் அனுப்புகின்றனர். வாடகை 10,000 ரூபாய். ஒருவர் பங்கு 1,000 ரூபாய். சுமைகூலி முன்போலவே 300 ரூபாய். ஒருவருக்கு மிச்சம் 3,500 ரூபாய். கிலோவுக்கு 8 ரூபாய் 75 காசு. பயிர்ச் செலவு போக 1,100 ரூபாய் இலாபம். சந்தை விலை ஒரு காசும் உயரவில்லை, விளைச்சலும் கூடவில்லை. பத்துப் பேர் ஒரே நாளில் பறிக்க ஒப்புக்கொண்டதும், எவர் சரக்கு எவ்வளவு என்று ஏட்டில் எழுத ஒருவர் இருந்ததுமே மாற்றத்துக்குக் காரணம். அந்த ஏட்டைத் தொடங்கிவைப்பது ஒரு மாணவரால் எளிதில் ஆகும்.

சட்டமும் வங்கியும் தரும் வழிகள்

இவ்வாறு கூடும் உழவர்க்கு இன்று சட்டமும் துணை நிற்கிறது. 2002ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத் திருத்தம், உற்பத்தியாளர் பத்துப் பேர் சேர்ந்து தமக்கென ஒரு நிறுவனம் பதிவு செய்துகொள்ள வழிவகுத்தது. 2020இல் நடுவண் அரசு 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் திட்டத்தை 6,865 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கிற்று. சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உழவர் சேர்ந்தால், நிருவாகச் செலவுக்கு மூன்றாண்டுகளில் 18 இலட்சம் ரூபாய் வரையிலும், உறுப்பினர் செலுத்தும் பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வரையிலும் உதவி பெற அது வகை செய்தது. மகாராட்டிர அரசோ 2016இல் காய்கனிகளை ஒழுங்குமுறைச் சந்தைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து, உழவர் நகரத்தில் நேரடியாக விற்க வழிதிறந்தது.

தனி உழவருக்கு உழவர் கடன் அட்டை உண்டு. குறுகிய காலப் பயிர்க் கடனாக மூன்று இலட்சம் ரூபாய் வரை பெறுவோர்க்கு வட்டி ஆண்டுக்கு 7 விழுக்காடு. உரிய நாளில் திருப்பிச் செலுத்துவோர்க்கு மேலும் 3 விழுக்காடு தள்ளுபடி கிடைப்பதால் வட்டி 4 விழுக்காடாகிறது. ஓர் இலட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டி 4,000 ரூபாய். அதே தொகையை நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டிக்கு வெளியில் வாங்கினால் ஓராண்டில் 36,000 ரூபாய் கட்ட வேண்டும். தவணை நாளைத் தவறவிட்டால் 3 விழுக்காட்டுத் தள்ளுபடியும் போய்விடும். எனவே ஊர்ப் பொதுவிடத்தில் தவணை நாட்களை எழுதிவைப்பதும் ஓர் உதவியே. அட்டை பெறுவதற்கு நில ஆவணம் வேண்டும். தமிழ்நாட்டில் சிட்டா, அடங்கல் எனப்படுவது இங்கே சாத்பாரா எனப்படுகிறது. குத்தகைக்குப் பயிரிடுவோரிடம் அது இராது. அவர்கள் நால்வர் முதல் பதின்மர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறலாம். அவ்வப்போதைய விதிகளை வங்கிக் கிளையில் கேட்டறிக.

வழி இருப்பினும் அதில் நடக்கும் உழவர் குறைவாக இருப்பது ஏன்? படிவம், ஏடு, தவணை நாள் என்பன அவர்க்குப் பழக்கமின்மையே பெரும்பாலும் காரணம். வங்கி மேலாளர் நல்லெண்ணம் உடையவராயினும் எழுத்தில் இல்லாத வருவாயை நம்பிக் கடன் தர இயலாது. ஈராண்டு விற்பனைக் கணக்கு எழுத்தில் இருக்குமானால் அதே உழவர் வேறொருவராகவே வங்கியில் தோன்றுவார்.

தலைமை ஏற்கும் மாணவர்க்கு மூன்று சோதனைகள்

நாட்டு நலப்பணித் திட்டம் 1969ஆம் ஆண்டு காந்தியடிகள் நூற்றாண்டில் தொடங்கப்பட்டது. அதில் சேரும் மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். தத்தெடுத்த ஊரில் ஏழு நாள் முகாமிலும் தங்க வேண்டும். ஏழு நாளில் தெருவைத் துப்புரவு செய்யலாம். மணல் மூட்டை அடுக்கி ஓடையில் தடுப்பணை கட்டலாம். இவை நற்பணிகளே. ஆயினும் உழவர் வாழ்வு உயர வேண்டும் என்று புறப்படும் மாணவர் தலைவர், தம் திட்டத்தை மூன்று சோதனைகளுக்கு உட்படுத்திப் பார்த்தல் நலம்.

முதலாவது: நாம் அளந்தோமா? ஊரின் தேவையை நகரத்திலிருந்து முடிவு செய்துகொண்டு செல்லாமல், ஜோப்ராவில் நிகழ்ந்ததுபோல் வீடு வீடாகக் கேட்டு எழுதினோமா? உழவர் கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, விற்ற விலை எவ்வளவு, வண்டிக் கூலி எவ்வளவு என்ற நான்கு எண்களும் கையில் உள்ளனவா?

இரண்டாவது: உழவர் தாமே சரிபார்க்க இயலுமா? ஆனந்தில் பால் உறுப்பினர் கண்ணெதிரே சோதிக்கப்பட்டது. மாணவரின் கணினியில் மட்டும் இருக்கும் கணக்கு உழவருக்கு உரியதாகாது. ஊரார் படிக்கும் மொழியில், அவர் கையில் இருக்கும் ஏட்டில், அது எழுதப்பட வேண்டும்.

மூன்றாவது: நாம் போன பின் யார் நடத்துவார்? இதுவே கடினமான சோதனை. மாணவர்க்குத் தேர்வு வரும், பட்டம் வரும், வேலை வரும். அவர் ஊரை விட்டுப் போவது உறுதி. எனவே முதல் நாளிலிருந்தே ஊரைச் சேர்ந்த ஒருவரை, இயன்றால் பள்ளி இறுதி வகுப்பு முடித்த பெண் ஒருவரை, கணக்கெழுதப் பழக்க வேண்டும். உறுப்பினர் மாதம்தோறும் கூடி அக்கணக்கை வாசித்துக் கேட்கும் வழக்கத்தையும் உண்டாக்க வேண்டும். தலைவரையே நம்பியிருக்கும் சங்கம் தலைவரோடு போய்விடும். கணக்கை உறுப்பினர் கேட்காத சங்கத்தில் தரகர் இருந்த இடத்தில் செயலாளர் அமர்ந்துவிடுவதும் உண்டு. கூட்டுறவின் வரலாற்றில் இரண்டுக்கும் சான்றுகள் உள.

பெற்றோர் செய்யத்தக்கதும் உண்டு. பிள்ளை முகாமிலிருந்து திரும்பியதும் சான்றிதழைப் பற்றிக் கேட்பதற்கு முன், அவ்வூரில் தக்காளி கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்று கேளுங்கள். விடை தெரியாவிடில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். நம் வாடிக்கையாளர்களுள் பணி ஓய்வு பெற்ற கணக்கர்களும் வங்கி அலுவலர்களும் பலர் உள்ளனர். பேரேடு எழுதும் முறையை மாணவர் குழுவுக்கு இரண்டு மாலை நேரங்களில் அவர்கள் கற்பித்துவிடலாம்.

பயிற்சி

1. இவ்வாரம் உங்கள் வீட்டில் பாலுக்கும், தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கும் செலவிட்ட தொகையைத் தனித்தனியே எழுதுக. மேலே கூறிய விழுக்காடுகளைக் கொண்டு, ஒவ்வொன்றிலும் உழவருக்குச் சென்ற தொகையைக் கணக்கிடுக.

2. மேலே கண்ட எடுத்துக்காட்டில் சந்தை விலை கிலோ 9 ரூபாயாகக் குறைந்தால், தனியே விற்பவர்க்கும் கூட்டாக விற்பவர்க்கும் கிலோவுக்கு மிஞ்சுவது எவ்வளவு? பயிர்ச் செலவு 6 ரூபாய் எனில் இருவர் நிலையும் யாது? (விடை: தனியே விற்பவர்க்கு 2 ரூபாய் 25 காசு, கூட்டாக விற்பவர்க்கு 5 ரூபாய் 75 காசு. இருவருக்கும் நட்டமே. முன்னவர் 1,500 ரூபாய் இழக்கிறார். பின்னவர் 100 ரூபாய் இழக்கிறார்.)

3. இரண்டாம் வினாவின் விடை, கூட்டு விற்பனை மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. அத்தகைய நாளில் உழவருக்கு வேறு என்ன ஏற்பாடு வேண்டும்? ஆனந்தின் பால்பொடியையும் மொகாடியின் தக்காளிக் கூழையும் நினைவில் கொண்டு, வீட்டில் அனைவரும் கூடிப் பேசுக.